திரையில் நிற்கும் பழைய நொடி

மோட்டார் உதிரிபாகம் விற்கும் மொத்தக் கடை ஒன்றில் இரண்டு கல்லா என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே மென்பொருள், பின்னால் ஒரே தரவுத்தளம். காலை 11 மணிக்கு முதல் கல்லாக்காரர் ஒரு வகை பேரிங்கின் படிவத்தைத் திறக்கிறார். கையிருப்பு 12 என்று வருகிறது. அரை நிமிடம் கழித்து இரண்டாவது கல்லாவிலும் அதே படிவம் திறக்கிறது, அங்கேயும் 12. முதலாமவர் 5 விற்கிறார், கட்டத்தில் 7 என்று மாறுகிறது, சேமிக்கிறார். இரண்டாமவர் 3 விற்கிறார்; அவருடைய படிவம் 12-இல் 3 போக 9 என்கிறது; அவரும் சேமிக்கிறார். தரவுத்தளத்தில் இப்போது 9. அலமாரியில் 4. மின்சாரம் போகவில்லை, நெட்வொர்க் அறுபடவில்லை, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. 5 பேரிங் விற்ற கணக்கு மட்டும் சுவடில்லாமல் போய்விட்டது. கணினி அறிவியலில் இதற்குத் 'தொலைந்த புதுப்பிப்பு' என்று பெயர். மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது 5 உருப்படி குறையும். அப்போது முதலாளி கணினியை அல்ல, கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பார்ப்பார்.

பிசகு எங்கே நடந்தது என்று தேட, அந்த 12 திரைக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். படிவம் திறந்ததும் நிரல் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறக்கிறது. எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், என்ன கடவுச்சொல் என்பதெல்லாம் 'கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்' எனப்படும் ஒரே வரியில் அடங்கியிருக்கும். அந்த இணைப்பின் வழியே எஸ்க்யூஎல் மொழியில் ஒரு கேள்வி போகிறது: இந்த எண்ணுள்ள பொருளின் பெயர், விலை, இருப்பு என்ன? சர்வர் தன் பக்கங்களைப் புரட்டி, அந்த வரிசையைப் பிரதி எடுத்து, பைட்டுகளாக்கி அனுப்புகிறது. இந்தப் பக்கத்தில் இருக்கும் டிரைவர் அதைச் சேர்த்துக் கோத்து, நிரல் மொழிக்குப் புரியும் எண்ணாக மாற்றுகிறது. படிவம் அந்த எண்ணை எழுத்தாக்கி டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் வரைகிறது. வரைந்து முடிக்கும்போது, தன்னிடம் யாரோ எதையோ கேட்டார்கள் என்பதையே சர்வர் மறந்துபோயிருக்கும். ஆக, கட்டத்துக்குள் தெரிவது தரவுத்தளத்தின் 12 அல்ல. அங்கே ஒரு நொடியில் 12 இருந்தது என்பதற்கான சாட்சி. இந்த அத்தியாயம் சொல்லவருவது அவ்வளவுதான்: படிவம் காட்டுவது எப்போதும் பழைய நொடியின் பிரதி. இதை நினைவில் வைத்து எழுதிய மென்பொருள் தப்பிக்கிறது, மறந்து எழுதியது அந்தக் கடையில் மாட்டிக்கொள்கிறது.

இந்த இடைவெளி யாருடைய கவனக்குறைவாலும் வந்ததல்ல, தெரிந்தே உண்டாக்கியது. 1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவைத் தொடர்பு அட்டவணைகளாகப் பார்க்கும் மாதிரியை முன்வைத்தார். தரவு வட்டில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் அறிந்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அவருடைய வாதத்தின் உயிர்நாடி. கேட்பவர் வேறு, காப்பவர் வேறு என்று ஆனபிறகு நடுவில் ஒரு மொழி தேவைப்பட்டது, எஸ்க்யூஎல் வந்தது. ஆளுக்கொரு பேச்சுவழக்கோடு தரவுத்தளங்கள் பெருகியபோது ஒரு துபாஷி தேவைப்பட்டார். 1992-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓடிபிசி அந்த வேலையைச் செய்தது. ஒரே நிரல், டிரைவரை மட்டும் மாற்றிக்கொண்டு, எந்தத் தரவுத்தளத்தோடும் பேசலாம். ஒவ்வொரு படியிலும் வசதி கூடியது, கூடவே தூரமும் கூடியது.

தூரமே இல்லாத காலம் ஒன்றும் இருந்தது. 1980-களின் டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்ப்ரோ ஆகியவற்றில் நிரலே டிபிஎஃப் கோப்பை நேராகத் திறந்து, வரிசைக்குள் கைவிட்டு எழுதும். ஒரு கணினி, ஒரு கோப்பு, ஓர் ஆள் என்று இருந்தவரை திரைக்கும் கோப்புக்கும் நடுவே புகுந்து குழப்ப ஆளில்லை. விஷுவல் பேசிக் 1991-இல் வந்தது. 1993-இல் வெளியான அதன் 3-ஆம் பதிப்பில் 'டேட்டா கண்ட்ரோல்' என்ற சின்னப் பட்டை ஒன்று சேர்ந்தது. நான்கு அம்புக்குறிகள்: முதல், முந்தைய, அடுத்த, கடைசி. அதைப் படிவத்தில் இழுத்துப் போட்டு, எந்தக் கோப்பு என்று சொல்லி, டெக்ஸ்ட் பாக்ஸின் பண்புகளில் எந்த நெடுவரிசை என்று குறித்துவிட்டால் போதும். நிரல் ஒரு வரி எழுதாமல் வாடிக்கையாளர் பட்டியல் திரையில் ஓடும். இந்தப் பட்டையின் ஒரு குணத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கட்டத்தில் எதையாவது திருத்திவிட்டு 'அடுத்த' அம்பை அழுத்தினால், திருத்தம் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். கை தவறி ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு நகர்ந்தவர், தான் ஒரு பதிவை மாற்றியதே தெரியாமல் மாற்றியிருப்பார். படிவத்தைத் தரவின் மேல் போட்ட கண்ணாடித் தாள் என்று நினைக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறை நிரலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த நான்கு அம்புகள்தான் என்பது என் கணிப்பு. தனி மேசையில் அது சரியான பழக்கமும்கூட. பத்து மேசைகள் சேர்ந்தபிறகும் பழக்கம் மாறாததுதான் வம்பு.

2002-இல் வந்த டாட்நெட் இந்த மாயையை வெளிப்படையாகக் கைவிட்டது. அதன் ஏடிஓ டாட்நெட்டில் 'டேட்டாசெட்' என்பது நிரலின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னத் தரவுத்தளம். 'டேட்டா அடாப்டர்' இணைப்பைத் திறக்கும், வரிசைகளை அள்ளி வந்து டேட்டாசெட்டில் கொட்டும், இணைப்பை மூடிவிடும். படிவத்தின் கிரிட் அந்த உள்ளூர்ப் பிரதியோடுதான் பிணைக்கப்படுகிறது, சர்வரோடு அல்ல. இதில் அழகான ஒரு நுணுக்கம் உண்டு: ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு மதிப்புகள் வைத்திருக்கும். ஒன்று இப்போது கட்டத்தில் இருப்பது. மற்றது முதலில் எடுத்து வந்தபோது இருந்தது. பழையதை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கான விடை கொஞ்சம் தள்ளி வருகிறது.

முதலில் ஒரு நியாயமான ஆட்சேபம். இவ்வளவு சுற்றுவானேன், ஒருவர் படிவத்தைத் திறந்ததும் அந்த வரிசையைப் பூட்டிவிட்டால் ஆயிற்றே? மற்றவர் திறக்க வந்தால் 'உபயோகத்தில் உள்ளது' என்று சொல்லிவிடலாம். பழைய கோப்பு முறை நிரல்கள் இப்படித்தான் செய்தன, பல இடங்களில் ஒழுங்காகவே ஓடின. ஆனால் பூட்டின் சாவி மனிதர் கையில் இருக்கிறது. படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போவார். தொலைபேசி வரும். கணினி அப்படியே தொங்கிப்போகும். அதுவரை கடையில் பேரிங் விற்க முடியாது. கணினிக்கு ஒரு வேலை என்பது மில்லிவினாடிக் கணக்கு. மனிதருக்கு அது நிமிடக் கணக்கு, சில சமயம் மதியச் சாப்பாட்டுக் கணக்கு. மனித நேரத்துக்குக் கணினிப் பூட்டைப் போடுவது, ஒருவர் குளிக்கிறார் என்பதற்காகத் தெருவின் மெயின் குழாயை மூடுவதைப் போன்றது. பூட்டாவிட்டாலும், இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது மட்டும் செலவுதான். ஏடிஓ டாட்நெட் ஒரு நிரலுக்கென்று சேர்த்து வைத்துச் சுழற்றும் இணைப்புகளின் உச்சவரம்பு, நாம் மாற்றாதவரை, 100. ஒவ்வொரு படிவமும் ஓர் இணைப்பைப் பிடித்து உட்கார்ந்துகொண்டால் 101-ஆவது கோரிக்கை வரிசையில் நிற்கும். 15 வினாடி நின்றுபார்த்துவிட்டுப் பிழையோடு திரும்பும்.

இன்னொரு வழியை 1981-இல் எச். டி. குங், ஜான் ராபின்சன் இருவரும் எழுதிய கட்டுரை தெளிவாக வகுத்தது. மோதல் அபூர்வம் என்று நம்பி யாரையும் தடுக்காமல் விடு. எழுதும் நொடியில் மட்டும் மோதல் நடந்ததா என்று பார். டேட்டாசெட் பழைய மதிப்பைச் சுமந்து திரிந்தது இதற்காகத்தான். சேமி பொத்தானை அழுத்தியதும் சர்வருக்குப் போகும் கட்டளை வெறுமனே 'இந்தப் பொருளின் இருப்பை 9 ஆக்கு' என்று இருக்காது. 'இந்தப் பொருளின் இருப்பு இன்னும் 12 ஆகவே இருந்தால் 9 ஆக்கு' என்று இருக்கும். கடைக் கதையில் இரண்டாமவர் சேமிக்கும்போது அங்கே 7 இருக்கிறது. நிபந்தனை பொருந்தவில்லை. சர்வர் கோபித்துக்கொள்வதில்லை, 'மாற்றிய வரிசைகள்: 0' என்று அமைதியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பூஜ்யத்தைக் கவனித்துப் பிழையாக எழுப்புவது அடாப்டரின் வேலை. தானே கட்டளை எழுதிக்கொள்ளும் நிரலாளர் பலர் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பதே இல்லை. 'சேமிக்கப்பட்டது' என்ற பச்சைச் செய்தி வரும், எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது. எல்லா நெடுவரிசைகளையும் ஒப்பிடுவது பாரம் என்றால் வரிசைக்கு ஒரு பதிப்பு எண் வைத்துக்கொள்ளலாம். எஸ்க்யூஎல் சர்வரில் 'ரோவெர்ஷன்' என்ற 8 பைட் நெடுவரிசை அதைத் தானாகவே ஏற்றிக்கொண்டே போகும்.

ஆனால் மோதலைக் கண்டுபிடிப்பது பாதிக் கிணறுதான். 'இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினால், எதிரே வாடிக்கையாளர் நிற்கும்போது கல்லாக்காரர் என்ன செய்வார்? எந்தப் பொத்தான் பெட்டியை மூடுமோ அதை அழுத்துவார். இங்கேதான் எதை அனுப்புகிறோம் என்ற கேள்வி வருகிறது. அவர் செய்த காரியம் 'இருப்பை 9 ஆக்கியது' அல்ல, '3 விற்றது'. படிவம் விடையை அனுப்பாமல் செயலை அனுப்பினால், அதாவது கையிருப்பு = கையிருப்பு − 3 என்று சொன்னால், கழித்தலைச் சர்வர் தன் கையிலுள்ள உண்மையான எண்ணில் செய்யும். 12, 7, 4. அலமாரியோடு கணக்கு பொருந்தும். மோதல் என்ற பேச்சே எழாது. நம் ஊர் ரயில் முன்பதிவும் இப்படித்தான் தப்பிக்கிறது. 4 இடம் காலி என்று திரை காட்டும்; பெயர், வயதெல்லாம் நிரப்பிப் பணம் கட்டி முடித்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே படுக்கை இரண்டு பேருக்குப் போவதில்லை, ஏனென்றால் படிவம் 'எண் 32-ஐ என் பெயரில் எழுது' என்று கட்டளையிடவில்லை. 'ஓர் இடம் கொடு' என்று கேட்கிறது. படிவத்தைக் கண்ணாடித் தாளாக நினைக்காமல் விண்ணப்பத் தாளாக நினைத்தால் இந்த வேறுபாடு தானாக விளங்கிவிடும். தமிழில் இன்று 'படிவம்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதானே.

பெயர், முகவரி போன்றவற்றில் கழித்தல் கிடையாது. அங்கே மோதல் மோதல்தான், ஒப்பிட்டுக் காட்டி மனிதரிடமே விட வேண்டும். அதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்றைய காலத்தது. இப்போதெல்லாம் மாற்றம் நடந்த கணமே சர்வர் தானாகச் சொல்லி அனுப்பும் வசதிகள் இருக்கின்றனவே, திரை எப்போதும் புதிதாகவே இருக்கும்படி செய்துவிட்டால் பழைய நொடி என்ற பேச்சு எதற்கு? பங்குச் சந்தைத் திரைகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் செய்தி வந்து சேரவும் நேரம் பிடிக்கும்; இடைவெளி சுருங்குமே தவிர மறையாது. அதைவிடப் பெரிய சிக்கல், மனிதர் ஒரு முகவரியைப் பாதி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கட்டத்துக்குள் எழுத்து தானாக மாறினால் என்ன ஆகும் என்பது. அந்த நேரத்தில் அவருக்குத் தேவை அசையாத பிரதி. படிக்கும் திரை ஓடலாம், எழுதும் திரை நிற்க வேண்டும். நின்றால் பழசாகும். சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம்.

பிரதி பழசாவது ஒரு பக்கம். அது மொழிபெயர்ப்பும் கூட என்பது இன்னொரு பக்கம், தமிழர்கள் இதைச் சொந்தக் காசில் கற்றுக்கொண்டார்கள். விஷுவல் பேசிக் 6-இன் டெக்ஸ்ட் பாக்ஸுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆகவே அலுவலகங்கள், அச்சகங்கள், கடைகள் எல்லாம் பாமினி போன்ற எழுத்துருக்களைப் போட்டு ஒப்பேற்றின. பாமினியில் 'தமிழ்' என்று தட்டி, அது திரையிலும் 'தமிழ்' என்றே தெரியும்போது, அட்டவணைக்குள் உட்கார்ந்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். படிவம் தமிழ் காட்டுகிறது, தரவுத்தளத்தில் தமிழே இல்லை. அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். வேறு எழுத்துருவுக்கு மாறினால் மொத்தப் பட்டியலும் உளறும். யூனிகோட் வந்தபிறகு வேறு வேடிக்கை. எஸ்க்யூஎல் சர்வரில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' என்ற ஒற்றை எழுத்தைப் போட மறந்தால், நெடுவரிசை யூனிகோடாகவே இருந்தாலும், 'தமிழ்' உள்ளே போகும்போதே ஐந்து கேள்விக்குறிகளாகிவிடும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்குத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கேள்விக்குறியாக மாறியதை எந்த மந்திரத்தாலும் திரும்பத் தமிழாக்க முடியாது.

வெற்றுக் கட்டமும் இப்படி ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். தரவுத்தளத்தில் 'நல்' என்பது 'மதிப்பு தெரியாது' என்ற நிலை. அது பூஜ்யமும் அல்ல, வெறும் எழுத்துச்சரமும் அல்ல. டெக்ஸ்ட் பாக்ஸுக்கோ எழுத்து ஒன்றுதான் தெரியும். தொலைபேசி எண் தெரியாதவரும், தொலைபேசியே இல்லாதவரும் திரையில் ஒரே வெறுமையாகத் தெரிகிறார்கள். திரும்பச் சேமிக்கும்போது இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். நல் மதிப்பை நேராகக் கட்டத்தில் திணித்து விஷுவல் பேசிக்கின் 94-ஆம் எண் பிழையில் முட்டிக்கொள்ளாத நிரலாளர் அந்தக் காலத்தில் அபூர்வம். எதிர்த்திசையில் போகும்போது ஆபத்து இன்னும் பெரிது. கட்டத்தில் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டினால், ஓபிரையன் என்ற அயர்லாந்துப் பெயரின் நடுவே வரும் ஒற்றை மேற்கோள் குறி வாக்கியத்தை உடைத்துவிடும். அதையே தெரிந்து செய்பவர் பெயருக்குப் பதில் ஒரு கட்டளையை உள்ளே அனுப்புவார். வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் அளவுருக்கள் இதற்கான மருந்து. எல்லா டிரைவர்களிலும் இருக்கிறது, பயன்படுத்தாமல் இருக்கச் சாக்கே கிடையாது.

ஒரு கல்லா, ஒரு கணினி வைத்திருக்கும் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். இழுத்துப் போட்டுச் செய்த படிவம் அங்கே பல வருடம் ஒழுங்காக ஓடும். ஆனால் ஒரே ஆள் இரண்டு படிவங்களைத் திறந்து வைத்திருக்கும் நாளில், அவரே தனக்கு இரண்டாவது கல்லாவாகிவிடுகிறார்.

திரையைத் தரவாகவே எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஹொரைசன் வழக்கைவிடக் கொடிய சான்று இல்லை. ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐசிஎல் உருவாக்கிய இந்தக் கணக்கு மென்பொருள் 1999 முதல் கிளைகளின் மேசைகளுக்கு வந்தது. தொடக்கப் பதிப்பில் ஒவ்வொரு கவுண்டர் கணினியும் தன் பிரதியைத் தானே வைத்துக்கொண்டு, மற்றக் கவுண்டர்களோடும் மையத்தோடும் அதைப் பகிர்ந்து ஒத்துப்போகச் செய்யும். கணக்கு உதைத்த இடங்களில் பணத்தைக் கையாடியதாகக் கிளை நடத்தியவர்கள்மேல் வழக்கு பாய்ந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டும் என்றிருந்த விதியை இங்கிலாந்து 1999-இன் ஒரு சட்டத்தால் நீக்கியிருந்தது. அதற்குப்பின் திரை சொன்னதே முதல் உண்மை. பொய்யென்று காட்டும் பாரம் எதிராளிக்கு. 2019 டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் குறைகள் இருந்ததை விரிவாக ஏற்றது. 2024-இல் தண்டனைகளைத் துடைக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

அந்த 2019 தீர்ப்பு ஏற்றுக்கொண்ட குறைகளில் ஒன்றுக்கு டல்மெல்லிங்டன் என்ற ஸ்காட்லாந்து ஊரின் பெயர். 2015 அக்டோபரில் அங்கே கிளை நடத்திய பெண் ஒருவர் 8,000 பவுண்டு வந்து சேர்ந்ததைப் பதிய முயன்றார். திரை அசையாமல் நின்றது. திரை ஏன் நிற்கும் என்பது டெஸ்க்டாப் நிரல் எழுதுபவர்களுக்குப் பழகிய சங்கதி. படிவத்தை வரையும் இழையையே சர்வரின் பதிலுக்கும் காத்திருக்க வைத்தால் திரை உறைந்துபோகும் என்பது அதற்கான பொதுக் காரணங்களில் ஒன்று. ஹொரைசனில் காரணம் எதுவாக இருந்தாலும், நிற்கும் திரையைப் பார்த்த மனிதர் எவரும் செய்வதையே அவரும் செய்தார்: எண்டர் விசையை மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் பின்னால் ஒரு புதிய பதிவானது. நான்கு முறை 8,000. கணக்கில் 32,000 பவுண்டு, கையில் 8,000. மீதி 24,000 பவுண்டு அவர் பெயரில் பற்றாக்குறையாக நின்றது. நான்கு பதிவுகளும் ஒரே பணப்பையைப் பற்றியவை. ஒரே பையின் எண் அட்டவணையில் இரண்டாம் முறை வரக்கூடாது என்று தரவுத்தளத்தில் விதி எழுத ஒரு வரி போதும்.